சம்மதம் என்னும் பிரதி

'குக்கிகளை ஏற்கிறீர்களா?' என்கிற இணையதள அறிவிப்பை ஒரு பிரதியாக வாசிக்கலாம். ஏற்க ஒருதரம் அழுத்தினால் போதும். மறுக்கப் பலதரம் அழுத்தணும். இதற்காகத்தான் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பர் கடைசியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019லேயே சொல்லியிருந்தது. அலுப்பைச் சம்மதமாக மொழிபெயர்க்கிற சொல்லாடல் இது.

உடனே பெந்தாமின் காவற்கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் விமர்சகர்களுக்கு வழக்கம். ஆனால் ஃபூக்கோ பேசிய சிறைவாசிக்குத் தான் பார்க்கப்படலாம் என்று தெரியும், அதனாலேயே அடங்குகிறான். விளம்பரக் கண்காணிப்புக்கு அடங்கிய ஆள் உதவமாட்டான். கூச்சமில்லாமல் தேடுகிற, வாசிக்கிற ஆள்தான் அதற்குத் தேவை.

'ஒளிக்க எங்கிட்ட என்ன இருக்கு?' என்று தோழர்களே கேட்கிறார்கள். ஒளிப்பதா பிரச்சினை? எந்த நோயைப் பற்றித் தேடினாய், எந்தப் போராட்டத்தைப் பற்றிப் படித்தாய் என்பதை வைத்து உன் தன்னிலையை வேறொருவன் எழுதுகிறான். பக்கம் திறப்பதற்குள் அதன்மேல் ஏலமும் முடிந்துவிடுகிறது. குரோமில் பிற நிறுவனக் குக்கிகளை இரண்டாண்டில் ஒழிப்பதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உலாவியும் அவர்களுடையது, ஏலக்கடையும் அவர்களுடையது.