வேப்பமர நிழல் யாருக்கு?

மதிய இடைவேளையில் இருபது நிமிடம் மரங்களுக்கிடையே நடந்தால் இதயத்துக்கு நல்லது என்ற அறிவுரை எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. குளிர்நாட்டுக்குப் பொருந்தும் நேரக்கணக்கு அது. சித்திரை மாதம், மதியம் ஒன்றரை மணிக்கு, திண்டுக்கல் பேருந்து நிலையப் பக்கம் நடந்து பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

அடிப்படை வலுவானதுதான். நாற்காலியை விட்டு எழுந்து நடப்பது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்களே தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு இல்லை. 10 மணிக்கு உட்கார்ந்து 5.45-க்கு எழும் அரசு ஊழியருக்கு இது நல்ல செய்தி. ஆனால் அவரவர் வாய்மொழியை நம்பிய கணக்கு அது. யாருடைய இதயத்தையும் சோதித்துச் சொன்னதல்ல. தெம்பாக இருப்பவர்தானே தோப்பு, பூங்கா என்று போகிறார் என்ற சந்தேகமும் தீரவில்லை.

நமக்கு அதிகம் உறைக்க வேண்டியது லண்டன் ஆய்வு. 60 வயதைக் கடந்தவர்களை ஒரு நாள் ஹைட் பார்க்கிலும், இன்னொரு நாள் டீசல் பேருந்துகள் ஓடும் ஆக்ஸ்போர்டு தெருவிலும் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். பூங்காவில் நுரையீரலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைத்த நன்மை, தெருப் புகையில் பெருமளவு கரைந்துவிட்டது. ஆக, நடந்தால் மட்டும் போதாது. எங்கே நடக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது.

திண்டுக்கல்லில் எங்கே நடப்பது? மலைக்கோட்டை ஊர் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் மொட்டைப் பாறை, உச்சிவெயிலில் கால் வைக்க முடியாது. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அது விடுமுறைக்கான இடம். 2023 நவம்பர் 4-இல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டு நடை, கூடவே மருத்துவ முகாம். பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் வேலை நாளுக்குள் அது நுழையவில்லை. மாலையில் போகலாமே என்பார்கள். வீட்டில் அடுப்பு காத்திருக்கும் பெண் ஊழியரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மிஞ்சுவது 11 மணி டீயும் 4 மணி டீயும்தான். யாரிடமும் அனுமதி கேட்காமல் எல்லோரும் எழுந்து போகும் நேரம் அது. கடை வாசலில் வடையோடு நின்றுவிடாமல், அதில் பத்துப் பத்து நிமிடத்தை மரத்தடிக்குத் திருப்பினால் ஐந்து வேலை நாளில் 100 நிமிடம் சேரும். பலனை மிகைப்படுத்த வேண்டாம். மாத்திரைக்கு அது மாற்றும் அல்ல. ஆனாலும் வெயிலோடும் வேலையோடும் சண்டை போடாத வழி இதுதான்.

இதற்கும் நிழல் வேண்டும். நம் அலுவலக வளாகங்களில் வேம்பும் புங்கையும் இருக்கின்றன. அடியில் போய்ப் பாருங்கள்: சீட் சுடக்கூடாது என்று வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், நடுவில் அதிகாரியின் கார். வண்டிகளுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்து, மரத்தடியை ஊழியர்களுக்கு விடச் சொல்லி அலுவலகத் தலைவர்கள் ஓர் உத்தரவு போடட்டும்.