நான்கு மச்சங்கள்

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' குறித்து எழுதுவோர் பலரும், அது மூடநம்பிக்கையைச் சாடும் படம் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். 1972இல் வெனிஸ் விழாவில் விருது பெற்றதையும் தவறாமல் சேர்ப்பார்கள். 2013இல் மீட்டெடுக்கப்பட்ட பிரதியைக் கொழும்பில் பெரிய திரையில் பார்த்தபோது எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை.

நொடித்துப்போன வளவ்வொன்றின் கடைசி வாரிசு வில்லி (காமினி பொன்சேகா). புதையலை எடுக்க, கழுத்தில் நான்கு மச்சங்களுள்ள கன்னிப்பெண்ணைப் பலியிட வேண்டுமென ஏடு சொல்கிறது. அத்தகைய ஐரினை (மாலினி பொன்சேகா) கண்டடைகிறான், மணமுடிக்கிறான், ஈற்றில் கொல்கிறான். புதையல் கிடைப்பதில்லை. எம்.எஸ். ஆனந்தனின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் அந்த மாளிகையின் இருட்டு ஒரு பாத்திரமாகவே உடன் வருகிறது. பிரேமசிறி கேமதாசவின் இசையும் எங்கும் அழச் சொல்வதில்லை.

என்னை உலுக்கியது கொலையல்ல, அதற்கு முந்திய அன்பு. வில்லி அவளைப் பராமரிக்கிறான், அவளும் அவனை நம்புகிறாள். அந்தப் பரிவு முழுப் பொய்யென்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் முதலில் அவன் கண்டது மச்சங்களை, பெண்ணை அல்ல.

நமது கிழக்கில் மச்சம் எண்ணுவதில்லை. வீடு, வளவு, காணி எண்ணுகிறோம். குமர்களுக்கு வீடு கட்டவென்றே வாப்பாமாரும் காக்காமாரும் கடல் கடந்து உழைக்கிறார்கள். மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் சிறு தொகையொன்றை எழுதிவிட்டு, கட்டிய வீட்டில் குடியேறுகிறான். பிறகு அவனும் அன்பான கணவனாக இருக்கக்கூடும். வில்லியும் இருந்தான்தானே! இந்த ஒப்பீடு மிகையென நண்பர்கள் சிலர் சொன்னார்கள். இங்கு எவரும் கத்தி எடுப்பதில்லை என்பது சரி. நான் பேசுவது பார்வையைப் பற்றி.

படத்தில் ஐரினுக்கு மனமே தரப்படவில்லை என்றொரு குறையைச் சொல்லலாம். கதை முழுவதும் வில்லி எழுதும் வாக்குமூலம். அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அதில் இடமில்லை. திஸ்ஸ அபேசேகரவின் திரைக்கதை இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். தூக்கில் தொங்குமுன்னும் அவன் தாள் தாளாக எழுதுவது தன்னைப் பற்றித்தான்.