நாவு, பாஷை, வியாக்கியானம்

'க்ளோஸ்ஸா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நாக்கு என்று பொருள். மொழி என்றும் பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில், பெந்தெகொஸ்தே நாளன்று நெருப்பாக இறங்கியதையும், அங்கே கூடியிருந்தவர்கள் பேசத் தொடங்கிய மொழிகளையும் அடுத்தடுத்த வசனங்களில் இந்த ஒரே சொல்தான் குறிக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமம் இதை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. நெருப்புக்கு 'நாவு', பேச்சுக்குப் 'பாஷை'. மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்தப் பிரிவினையில் உடல் ஒரு பக்கமும் மொழி ஒரு பக்கமும் போய்விட்டன. தமிழ்ச் சபைகளில் பெண்ணின் நாவுக்கும் பாஷைக்கும் இடையே நடந்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இதே வரம் 'அந்நியபாஷை' ஆகிறது. 'அந்நிய' என்ற அடைமொழி கிரேக்க மூலத்தில் இல்லை. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் 'அறியப்படாத' என்றொரு சொல்லை இங்கே கூட்டிக்கொண்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ 'பரவசப் பேச்சு' என்கிறது. முதல் பெயர் இது ஒரு மொழிதான், ஆனால் நம்முடையதல்ல என்கிறது. இரண்டாவது பெயர் இது பேச்சுதான், ஆனால் மொழியல்ல, ஒரு நிலை என்கிறது. பெயர் வைக்கும்போதே விளக்கமும் சொல்லியாகிவிட்டது.

சபைகளுக்கு இடையிலான வழக்கும் இங்கிருந்தே தொடங்குகிறது. சீர்திருத்த மரபில் ஒரு சாரார், இந்த வரம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தது என்பார்கள். பெந்தெகொஸ்தே மரபு இதை ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளமாகக் கொள்கிறது. 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கிளம்பிய கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் பல வரங்களில் ஒன்றாக இதை ஏற்கிறது. மூன்று தரப்பும் கேட்பது ஒரே கேள்வி: இது மெய்யா, போலியா? இந்தக் கேள்வியை நான் சற்று ஒதுக்கி வைக்கிறேன். பேசுபவர் யார், அதற்குப் பொருள் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே பெண்கள் கேட்க வேண்டியது.

வடசென்னையில் இந்தக் கேள்விக்கு உடனடித் தேவை உண்டு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கரையில், பெரிய கோவில்களுக்கும் பழைய மிஷன் சபைகளுக்கும் நடுவே, வாடகை மாடிகளிலும் தகரக் கூரைகளின் கீழும் சின்னச் சின்னச் சபைகள் நடக்கின்றன. வார நாளில் நடக்கும் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மீன் விற்றுவிட்டு வந்தவர்கள், வீட்டுவேலை முடித்து வந்தவர்கள், வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல முடியாமல் வந்தவர்கள். மானுடவியலாளர் நத்தானியேல் ராபர்ட்ஸ், சென்னைச் சேரி ஒன்றின் பெந்தெகொஸ்தே பெண்களைப் பற்றி 2016இல் ஒரு நூல் வெளியிட்டார். கடன், கணவனின் குடி, பிள்ளையின் நோய் ஆகியவை பக்கத்து வீட்டில் சொன்னால் மானம் போகும் செய்திகள். அவையே சபையில் எல்லோரும் சேர்ந்து சுமக்கும் ஜெபக் குறிப்புகளாக மாறுவதை அந்த நூல் காட்டுகிறது. அந்த மக்களுக்கு 'அந்நியம்' என்பது வசைச்சொல் அல்ல என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. சொந்த நாடே தம்மை வெளியே நிறுத்தியிருக்கும்போது, அந்நியமானதில்தான் அக்கறை இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்நியபாஷை என்ற பெயர் ஒரு தலித் பெண்ணின் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை நம் இறையியல் விவாதங்கள் யோசித்துப் பார்த்ததில்லை.

இதை 'ஹிஸ்டீரியா' என்று ஒதுக்கும் படித்தவர்களின் அவசரமும் எனக்கு உடன்பாடல்ல. 1972இல் மொழியியலாளர் வில்லியம் சமரின் உலகின் பல இடங்களில் பதிவான அந்நியபாஷைகளை ஆராய்ந்தார். அவற்றில் இலக்கணக் கட்டமைப்பு இல்லை. ஒலிகள் பேசுபவர் ஏற்கெனவே அறிந்த மொழிகளிலிருந்து வருகின்றன என்பது அவர் முடிவு. இதைச் சிலர் போலித்தனத்துக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது: காசிமேட்டுப் பெண்ணின் அந்நியபாஷையில் இருப்பவை அவள் வாய் பழகிய ஒலிகள்தான். பொருள் குறிக்காத ஒலியைத் தமிழ் இழிவாக நினைத்ததில்லை. தொல்காப்பியம் இடைச்சொற்களில் அசைநிலைக்கும் இசைநிறைக்கும் இடம் கொடுக்கிறது. குலவைக்கு அகராதிப் பொருள் தேடுவாரில்லை. தாலாட்டின் ஆராரோவுக்கும் ஒப்பாரியின் இழுவைக்கும் அப்படியே. இவை மூன்றும் பெண்களின் வாயில் வளர்ந்தவை என்பது தற்செயலல்ல. பொருளுள்ள மொழி மேடையில் ஆண்களிடம் இருந்தபோது, பொருள் கடந்த ஒலியைப் பெண்கள் வைத்திருந்தார்கள்.

ஆனால் இங்கேதான் கொண்டாட்டத்தை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. பொருளற்ற ஒலி பெண்ணுக்குத் தாராளமாகக் கிடைப்பதே, பொருள் வேறொருவரிடம் இருப்பதால்தானோ?

இராயபுரம் என்ற பெயர் இராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து வந்தது என்பர். பெந்தெகொஸ்தே நாளின் கதையில் பேதுருவுக்கு என்ன வேலை? அதற்கு முந்தைய அதிகாரம், மேலறையில் காத்திருந்தவர்களில் மரியாளும் வேறு பெண்களும் இருந்ததைத் தெளிவாகச் சொல்கிறது. எல்லோரும் பேசுகிறார்கள். கேட்டவர்களில் சிலர் குடிவெறி என்று கேலி செய்கிறார்கள். அப்போது பேதுரு எழுந்து, காலை ஒன்பது மணிக்கு யார் குடிப்பார்கள் என்று மறுத்து, நடந்ததற்கு யோவேல் தீர்க்கதரிசியின் சொற்களால் விளக்கம் தருகிறார். குமாரத்திகளும் அடிமைப் பெண்களும்கூடத் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்பது அந்த விளக்கத்தின் சாரம். அருமையான விளக்கம்தான். ஆனால் பிரதியில் மிஞ்சியிருப்பது பேதுருவின் பிரசங்கம் மட்டுமே. அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள் என்பது பதிவில் இல்லை. அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில் வரும் பிலிப்புவின் நான்கு மகள்களும் தீர்க்கதரிசனம் சொல்பவர்கள். அவர்கள் சொன்னதிலும் ஒரு சொல்கூட நமக்கு வரவில்லை.

கொரிந்தியர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை மாணவியர் ஒரே அமர்வில் முழுவதுமாக வாசிக்க வேண்டும். அதில் மூன்று முறை 'பேசாதே' வருகிறது. வியாக்கியானம் பண்ணுபவர் இல்லையென்றால் அந்நியபாஷை பேசுபவர் சபையில் அமைதியாக இருக்க வேண்டும். இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்தால் முதலில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்த வேண்டும். மூன்றாவதாக, பெண்கள் பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் கணவரிடம் கேட்கலாம். முதல் இரண்டும் சூழலைப் பொறுத்த ஒழுங்குகள். சூழல் மாறினால் வாய் திறக்கலாம். மூன்றாவதற்குச் சூழல் கிடையாது, பெண்ணாக இருப்பதே போதும். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண்கள் முக்காடிட்டுக்கொண்டு ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொண்டவர் இதை எழுதியிருப்பாரா? சில பழைய கையெழுத்துப் படிகளில் இந்த இரண்டு வசனங்களும் அதிகாரத்தின் கடைசியில் இருக்கின்றன. இவை பிற்காலத்தில் நுழைந்த இடைச்செருகல் என்று 1987இல் வாதிட்டவர் கார்டன் ஃபீ. அவர் பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்த அறிஞர். 1990இல் ஆன்டாய்னெட் வயர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். இவ்வளவு கண்டிப்பு தேவைப்பட்டதென்றால் கொரிந்து சபையில் பெண்கள் எவ்வளவு உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்று கேட்டு, தடையின் வழியாகவே அவர்களின் குரலைத் தேடினார். கதவில் தொங்கும் பூட்டைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்கும் இந்த முறை, நம் இலக்கணங்களையும் உரைகளையும் வாசிக்கவும் உதவும்.

பிற்கால வரலாற்றிலும் இதே வடிவம் திரும்புகிறது. அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906இல் நடந்தது. அதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1860இல், திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் முன்னின்ற எழுப்புதலில் அந்நியபாஷையும் வியாக்கியானமும் பதிவாகியுள்ளன. பெண்களுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது. அருளப்பனின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பெண்களின் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. 1901 தொடக்கத்தில் கான்சாஸில் அந்நியபாஷை பேசி நவீன இயக்கத்துக்குத் தொடக்கமானவர் ஆக்னெஸ் ஓஸ்மன் என்ற பெண். அதைக் கோட்பாடாக்கிய பெருமை அவருடைய ஆசிரியர் சார்லஸ் பார்ஹாமுக்குப் போனது. விதிவிலக்கு, புனே அருகே கேட்காவில் இருந்த பண்டித ரமாபாயின் முக்தி மிஷன். 1905இல் அங்கே எழுப்புதல் தொடங்கியபோது பேசியவர்கள் விதவைகளும் அநாதைப் பெண்களும். அதற்குப் பொருள் சொன்னவர்களும் பெண்களே. அந்நியபாஷையை ஒரே அடையாளமாக்க ரமாபாய் மறுத்தார். அவருடன் இருந்த மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறு நூல் சிலி நாட்டுக்குப் போய் அங்கே பெந்தெகொஸ்தே இயக்கம் உருவாகத் தூண்டியது. வியாக்கியானம் பெண்கள் கையில் இருந்தபோது அது எவ்வளவு தூரம் பயணம் செய்தது என்பதற்கு இது சான்று.

நம் கரையில் இன்று நிலைமை என்ன? தமிழில் 'ஆவி' என்ற சொல் பரிசுத்த ஆவிக்கும் பேய்க்கும் பொது. ஒரு பெண் தலைவிரித்து ஆடும்போது அது அபிஷேகமா, அசுத்த ஆவியா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் பாஸ்டர். அவர் 'ஸ்தோத்திரம்' என்றால் அவளுக்கு மதிப்பு கூடும். 'வெளியே போ' என்றால் அதே உடல் பிடித்து அமுக்கப்படும். சபையில் பெண்ணுக்குக் கிடைக்கும் உயர்ந்த பட்டமான 'பாஸ்டரம்மா'வும் பெரும்பாலும் தாலி வழியாக வருவது.

மறுபக்கம் ஒரு முரண். அந்நியபாஷையை ஏளனமாகப் பார்க்கும் பழைய சபைகளில் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்ப லலிதா அதன் முதல் பெண் பேராயரானார். ஒரு சபையில் பெண் தமிழில் பிரசங்கிக்கலாம், ஆனால் பரவசம் கூடாது. இன்னொன்றில் பரவசம் எவ்வளவும் ஆகலாம். பிரசங்க மேடை மட்டும் ஆணுக்கு. நாவும் பாஷையும் சேர்ந்தே கிடைக்கும் இடம் அரிது.

ஓரிடத்தில் அவை சேர்கின்றன. அதற்கு இறையியலில் பெரிய பெயர் எதுவும் இல்லை. சபையில் 'சாட்சி' என்பார்கள். ஐந்து நிமிடம் மைக்கைப் பிடித்து, கடன் எவ்வளவு, யார் அடித்தார், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் என்று ஒரு பெண் கலப்பில்லாத வடசென்னைத் தமிழில் சொல்கிறாள். தன் வாழ்வுக்குத் தானே பொருள் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. முடிவில் எல்லாம் கர்த்தரின் கிருபை என்று வழக்கமான வாய்பாட்டில் முடித்தாலும், நடுவில் சொன்னவை சொன்னவைதான். பரவசத்தில் அவிழ்ந்த நாவு இங்கே மொழிக்குத் திரும்புகிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கான துணிவு அவளுக்கு வந்திருக்குமா என்பதும் எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல.

அந்நியபாஷையைப் பற்றிய நூல்களால் நம் நூலகங்கள் நிரம்பியிருக்கின்றன. சாட்சிகளை இலக்கிய வகையாகக் கருதித் தொகுத்தவர்கள் மிகக் குறைவு. தமிழ் ஆய்வுக்கு வரும் மாணவியருக்கு நான் காட்ட விரும்பும் வேலை அது. வியாக்கியானம் பண்ணுகிற வரமும் ஒரு வரம் என்றுதான் பவுலே எழுதினார். அது ஆணுக்கு மட்டும் என்று அவர் எங்கும் எழுதவில்லை.