பால்வாடி டீச்சருக்குப் பாடம் சொல்ல வேண்டியவர்கள்

கடலூர் மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் வளரும் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுக்கு வெளியே கிடைக்கும் முதல் வகுப்பறை பால்வாடிதான். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்குள் வளரும் பிள்ளைக்கு மழலையர் பள்ளி, சீருடை, வேன் என்று வழிகள் பல உண்டு. நகரியத்தைத் தாண்டி, கம்மாபுரம், குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில், பெற்றோர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒற்றை அறையும், அங்கே இருக்கும் டீச்சரும் ஆயாவும்தான் எல்லாம். அந்த டீச்சர் என்ன பயிற்சி பெற்று வருகிறார், யாரிடம் பெற்று வருகிறார் என்று நாம் கேட்பதே இல்லை.

பழங்குடிக் குழந்தைக்குப் பாடம் சொல்பவர் அந்தச் சமூகத்தின் பார்வையிலிருந்து பயிற்சி பெற வேண்டும் என்ற கருத்துக்கு உலகில் நாற்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982இல் தங்கள் மொழி அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் 'கோஹங்கா ரெயோ' என்ற மழலைக் கூடங்களைத் தாங்களே தொடங்கினார்கள். அங்கே பாட்டிகளும் தாத்தாக்களும்தான் முதல் ஆசிரியர்கள். 1996இல் அந்நாட்டின் தேசிய மழலைக் கல்விப் பாடத்திட்டமே மாவோரி அறிஞர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதப்பட்டது. இந்தியாவில் ஒடிசா 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் இதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் நல்ல எடுத்துக்காட்டு நீலகிரியின் கூடலூர்.

1988 டிசம்பரில் நில உரிமை கேட்டு ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் பேரணி போனார்கள். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஐந்து சமூகங்களும் சேர்ந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் வளர்ந்தது அந்த எழுச்சியில்தான். முதலில் மருத்துவமனை அமைத்த சங்கம் பிறகு கல்வியின் பக்கம் திரும்பியது. ராம்தாஸ், ரமா சாஸ்திரி தம்பதியினர் நடத்திவந்த வித்யோதயா பள்ளி 1990களில் ஆதிவாசிப் பிள்ளைகளின் பள்ளியானது. அதன் முக்கியமான முடிவு, ஆசிரியர்களை வெளியிலிருந்து கொண்டுவராமல் ஆதிவாசி இளைஞர்களையே பயிற்றுவித்து ஆசிரியர்களாக்கியது. சமூகத்துப் பெரியவர்களுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. கதை, பாட்டு, காட்டுப் பயணம் எல்லாம் பாடத்துக்குள் வந்தன. முதல் நாள் பள்ளிக்கு வரும் பணியர் குழந்தை தன் அக்காவைப் போன்ற ஒருத்தி அங்கே நிற்பதைப் பார்க்கிறது. அச்சம் குறைவதற்கு இதைவிடப் பெரிய கற்பித்தல் முறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே உரிமைப் போராட்டம் முதலில் வந்தது, பயிற்சி அதன் பின்னால் வந்தது. பள்ளி கேட்டது சமூகம். இன்று பழங்குடிப் பார்வை என்று பேசும் பயிற்சிக் கையேடுகள் பலவும் இந்த வரிசையை மறந்துவிட்டு, கூடலூரின் பாட்டையும் படத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

கூடலூர் வழியை அப்படியே பெயர்த்து நெய்வேலிக்குக் கொண்டுவர முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. நீலகிரி இருளருக்குத் தனிப் பேச்சு இருக்கிறது. சமவெளி இருளர் பேசுவது தமிழ். ஒடிசாவின் தாய்மொழி வழி இங்கே அதிகம் உதவாது. இங்கே குழந்தைக்கும் டீச்சருக்கும் நடுவில் நிற்பது மொழியைவிட மதிப்புப் பற்றிய கேள்வி. எலி பிடிக்கிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள், சுத்தம் தெரியாதவர்கள் என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்தவர்தான் டீச்சராகவும் வருகிறார். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத் தொழிலாளி சித்திரவதையில் இறந்தார். 'ஜெய் பீம்' திரைப்படம் அந்த வழக்கை இருளர் கதையாக்கி எல்லோருக்கும் காட்டியது. இந்த வட்டாரத்தில் அரசுக் கட்டடம் என்றாலே தயங்கி நிற்கும் பெற்றோரைக் குறை சொல்லும் முன் அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பு என்பது அறிவையும் சேர்த்துத்தான். வயல் வரப்பில் ஒரு வளையைப் பார்த்ததும் எலி உள்ளே இருக்கிறதா, எந்த வாய் வழியாக ஓடும் என்று சொல்லும் பெரியவரிடம் கவனிப்பும் கணிப்பும் இருக்கின்றன. மழலைக் கல்வி வளர்க்க நினைப்பதும் அதைத்தான். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் விஷமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இந்தச் செய்தி ஒரு பால்வாடி டீச்சரின் பயிற்சியில் முதல் நாளே சொல்லப்பட்டால், அவர் அந்தக் குழந்தையைப் பார்க்கும் பார்வை மாறும் என்று நான் நம்புகிறேன்.

இப்போதுள்ள அரசுப் பயிற்சியைக் குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நெடுங்காலம் சத்துமாவையும் எடையையும் சுற்றியே இருந்தது. தமிழ்நாட்டின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் விளையாட்டை நடுவில் வைத்தது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய 'போஷன் பி, படாய் பி' இயக்கம் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேர முன்பருவக் கல்வி வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டு வந்த 'ஆதார்ஷிலா' பாடத்திட்டம் உள்ளூர்ப் பொருட்களால் பொம்மை செய்யச் சொல்கிறது. எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் பயிற்சி மேலிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது. தலைமைப் பயிற்சியாளர் மேற்பார்வையாளருக்கும், மேற்பார்வையாளர் டீச்சருக்கும் சில நாட்களில் சொல்லி முடிக்கிறார்கள். இறங்கும் ஒவ்வொரு படியிலும் உள்ளூர் என்ற சொல்லின் பொருள் வெளிறுகிறது. கடைசியில் களிமண் பொம்மை மிஞ்சுகிறது, அதைச் செய்யத் தெரிந்த இருளர் பாட்டி அந்த அறைக்குள் வருவதில்லை. டீச்சரோ பதிவேட்டுக்கும் கைபேசிச் செயலிக்கும் நடுவில் மூச்சுத் திணறுகிறார். அவர் மேல் இன்னொரு கையேட்டைச் சுமத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

பெரிய அடைப்பு தகுதி விதியில் இருக்கிறது. 2022இல் வந்த ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் டீச்சர் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறது. படிப்பை உயர்த்தியது சரியென்றே வாதிடலாம், ஏனென்றால் மழலைக் கல்வி எளிய வேலையல்ல. ஆனால் சாதிச் சான்றிதழுக்கே வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலையும் சமூகத்தில் பன்னிரண்டு முடித்த பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அறிவு இருப்பவருக்குத் தகுதி இல்லை. தகுதி இருப்பவருக்கு அந்த அறிவு இல்லை. பழங்குடிப் பார்வையிலான பயிற்சி என்று நாம் பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாமவருக்கு முதலாமவரைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதாகவே முடிகிறது. நியூசிலாந்திலும் விமர்சகர்கள் இதையே சொல்கிறார்கள். பாடத்திட்டம் இருமொழியில் அழகாக இருந்தும், மாவோரி அல்லாத ஆசிரியர் கையில் அது சில பாட்டும் வணக்கச் சொல்லுமாகச் சுருங்கிவிடுகிறது.

பழங்குடிப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆங்கிலக் கல்வியே வேண்டும் என்ற எதிர்த்தரப்பின் வாதத்தில் எனக்கு மரியாதை இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது எளிய பெற்றோரின் ஆசையை அறிந்துதான். இருளர் தாய் தன் பிள்ளை ஆங்கிலம் பேச வேண்டும் என்று நினைத்தால், உன் பண்பாட்டைக் காப்பாற்று என்று அவளிடம் சொல்ல நகரியத்தில் பிள்ளையைப் படிக்கவைக்கும் எனக்கு உரிமை இல்லை. பண்பாட்டின் பெயரில் ஏழைக்கு மலிவான கல்வியைத் தள்ளிவிடும் ஆபத்து உண்மையானது. வாழ்க்கை முழுவதையும் அறிவு என்று கொண்டாடுவதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. சூளையில் மண் பிசையத் தெரிந்த ஐந்து வயதுக் கை முன்பணக் கடன் பழக்கிய கை. பயிற்சி இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டும். வளையைப் படிக்கும் கண்ணை வகுப்பறைக்குள் அழைக்கலாம், சூளையிலிருந்து குழந்தையை மீட்கத்தான் வேண்டும்.

மண்ணைச் சார்ந்த கல்வி என்பதற்கு நெய்வேலியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து ஊர்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் நிலையில் இருந்த நெற்பயிர் மேல் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீட்டுப் பேச்சாவது உண்டு. வயலையும் ஏரியையும் நம்பி மீனும் எலியும் பிடித்தவருக்கு அவை போனால் தொழிலோடு பாடநூலும் போகிறது.

நவம்பர் 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த ஜன்மன் திட்டம் இருளர் உள்ளிட்ட மிக நலிந்த பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கு அங்கன்வாடிக் கட்டடம் தருகிறது. அந்தக் கட்டடங்களில் ஆயா வேலையையாவது அந்தக் குடியிருப்புப் பெண்ணுக்கே தர வேண்டும். பத்தாம் வகுப்புக் கூட இல்லையென்றால் விதியைத் தளர்த்தி, வேலையில் இருந்தபடியே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படித்து டீச்சராக உயர வழி செய்ய வேண்டும். பயிற்சி நாட்களில் இருளர் பெரியவர்கள் பயிற்றுநர்களாக வர வேண்டும், மற்ற பயிற்றுநர்களுக்குக் கிடைக்கும் அதே மதிப்பூதியத்தோடு. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தின் பழுப்பு நிலக்கரி லாபத்தின் ஒரு துளி இதற்குப் போதும்.