இடுப்பு வலியும் சூரஞ்சான் லேகியமும்

காஞ்சிபுரம் வட்டாரத்துக் குழித்தறியைக் கிட்டே நின்று பார்த்தால் சியாட்டிகா எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்துகிறார். இடுப்பு வளைந்தபடியே நாடா போகிறது, வருகிறது. நிற்பதைவிடக் குனிந்து உட்காரும்போதுதான் முதுகெலும்பின் அடிவட்டுகளுக்குப் பாரம் அதிகம். வட்டு பிதுங்கி நரம்பின் வேரை நெருக்கினால் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால், பாதம் வரை சுண்டி இழுக்கும். வட்டுப் பிதுக்கமே காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் காட்டியது 1934-ல்தான். ஆனால் வலி இறங்கும் பாதையை யுனானி ஹக்கீம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சரியாக எழுதிவைத்தார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் இர்குன் நசா. கவனிப்பில் குறையில்லை, கேள்வி சிகிச்சையைப் பற்றியது.

காஞ்சிபுரத்துப் பக்கம் தாமலில் இருப்பவர் அரசு யுனானி மருத்துவத்தை நாடினால், சென்னை அரும்பாக்கத்து அரசு யுனானி மருத்துவக் கல்லூரிக்கோ ராயபுரத்து வட்டார ஆராய்ச்சி நிலையத்துக்கோ போகலாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம். இந்த வலிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்பது வேறு விஷயம்.

யுனானியின் விளக்கம் இது: பல்கம் என்னும் கபம் கெட்டுத் தேங்கி நரம்பைத் தாக்குகிறது, முன்ஜிஜ் கொடுத்து அதைப் பக்குவப்படுத்தி, முஸ்ஹில் கொடுத்துப் பேதியாக வெளியேற்ற வேண்டும். வலி போனால் கபம் வெளியேறிவிட்டது; போகாவிட்டால் கபம் இன்னும் பக்குவப்படவில்லை. எந்த முடிவு வந்தாலும் தோற்காத விளக்கத்தை எதை வைத்துச் சோதிப்பது?

இந்த நோயின் சுபாவமும் எல்லா வைத்தியருக்கும் சாதகமானது. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி தானாகவே தணிகிறது. பிதுங்கிய வட்டை உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்வதும் உண்டு. நெதர்லாந்தில் கடும் சியாட்டிகா உள்ள 283 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே "நாற்பது நாள் லேகியம் சாப்பிட்டேன், குணமானது" என்பவர் பொய் சொல்லவில்லை. நாற்பது நாளுக்கு உரிய பேர் லேகியத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

மஜூன் சூரஞ்சான் என்னும் அந்த லேகியம்தான் இங்கே முக்கியம். அதன் தலைச் சரக்கான சூரஞ்சான் ஒரு கிழங்கு. அதில் கால்சிசின் இருக்கிறது. 1820-ல் பிரித்தெடுக்கப்பட்ட கால்சிசினை கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்கு ஆங்கில மருத்துவமும் இன்றுவரை கொடுக்கிறது. அந்த அளவில் ஹக்கீம்கள் கண்டது அசல் மருந்து. ஆனால் கவுட் வேறு, நரம்பு நெருக்கம் வேறு. முதுகுவலிக்கு வாய்வழிக் கால்சிசினை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-ல் வெளியான ஆய்வில் அது மேலாக நிற்கவில்லை. குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய சரக்கு இது. கிழங்குக்குக் கிழங்கு சத்து மாறும். லேகியக் கரண்டி மில்லிகிராம் காட்டாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவருக்கும் சாதாரண அளவே ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிக்கு லேகியத்தின் இனிப்பே தனித் தொல்லை. இத்தனைக்கும், பழைய நூலில் சொன்னபடி, சொன்ன நோய்க்கே செய்த மருந்து என்றால் உரிமம் தரப் புதிதாகப் பாதுகாப்பு ஆய்வு கேட்பதில்லை நம் சட்டம். சூரஞ்சான் விஷயத்தில் இந்தச் சலுகை தவறு என்றே சொல்வேன்.

எண்ணெய் தேய்ப்பு, ஒத்தடம், ரத்தம் எடுக்காத கப்பிங் ஆகியவற்றைப் பற்றி இவ்வளவு கடுமை தேவையில்லை. தசை இறுக்கம் தளரும், சில நாள் தூக்கம் வரும். பெரிய கெடுதல் இல்லை. கப்பிங் ஆய்வுகள் பலவும் சிறியவை. முதுகில் கோப்பை வைத்ததை நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கவும் முடியாது. கீறி ரத்தம் எடுக்கும் ஹிஜாமாவும் சிரையைத் திறந்து எடுக்கும் ஃபஸ்தும் வேறு கணக்கு: நெருக்கப்பட்ட நரம்புக்கு ரத்தம் குறைந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சோகையோடு தறியில் உட்காருபவருக்கு அது நஷ்டம்.

எதிர்த்தரப்பான ஆங்கில மருத்துவமும் கையில் மந்திரக்கோல் வைத்திருக்கவில்லை. சியாட்டிகாவுக்கு வழக்கமாக எழுதித் தரப்பட்ட பிரிகாபலின், 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிடக் கால்வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. கைராசி ஹக்கீமிடம் கூட்டம் சேர்வதற்கு இதுவும் காரணம். ஆனால் ஒரு மருந்து தோற்றால் இன்னொன்று ஜெயித்ததாகாது. பிரிகாபலின் தோற்றது நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அதைச் சோதித்தார்கள். மஜூன் சூரஞ்சானையும் அதே தராசில் ஏற்ற ராயபுரம் நிலையத்துக்கு நெசவாளர் மாவட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

என் தீர்ப்பு: தேய்ப்பும் ஒத்தடமும் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், வலியை ஆற்றும் துணையாக மட்டும். சூரஞ்சானை, சிறுநீரகப் பரிசோதனை இல்லாமலும், சாப்பிடும் மாத்திரைகளை வைத்தியரிடம் காட்டாமலும் தொடாதீர்கள். ரத்தம் எடுப்பது வேண்டாம். மிதியிலிருந்து மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ எந்த வைத்தியத்துக்கும் காத்திராமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.