திரும்பி வரும் வாட்: நானோ வி.என்.ஏ. காட்டுவதும் மறைப்பதும்

ஆன்டெனாவைச் சோதிக்க உதவும், சட்டைப்பையில் அடங்கும் நானோ வி.என்.ஏ. என்ற அளவீட்டுக் கருவி ஹாம் ரேடியோக்காரர்களின் மேசைகளில் பரவலானது 2019 வாக்கில்தான். ஜப்பானிய ஆர்வலர் ஒருவரின் வடிவமைப்பு; சீனாவில் பெருமளவில் தயாராகிறது. 2.8 அங்குலத் தொடுதிரை. 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கிறது.

7.1 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய 20 மீட்டர் டைபோல் ஆன்டெனாவை இதில் இணைத்தால், எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகிதம்) கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். பள்ளம் 6.9-இல் விழுந்தால் கம்பி நீளம் அதிகம். நுனிகளைக் கொஞ்சம் மடக்கினால் சரியாகிவிடும். ஒரு நாள் முழுக்க ஊகித்துச் செய்த வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது.

ஆனால் திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்று கண்டதும் பலர் பதறுகிறார்கள். கேபிளின் இம்பீடன்ஸும் ஆன்டெனாவின் இம்பீடன்ஸும் ஒத்துப்போகாததால், ஆன்டெனாவை அடையும் சக்தியில் 25 சதவீதம் திரும்புகிறது என்பது உண்மை. அது அப்படியே வீணாகிறது என்பது உண்மையல்ல. இழப்பே இல்லாத கேபிளில், டிரான்ஸ்மிட்டர் பக்கம் இம்பீடன்ஸைப் பொருத்தும் டியூனரைச் சரியாக அமைத்து 100 வாட் செலுத்தினால், வாட்மீட்டர் முன்னோக்கி 133 வாட்டும் பின்னோக்கி 33 வாட்டும் காட்டும். திரும்பிய 33 வாட்டை டியூனர் மறுபடி ஆன்டெனா பக்கமே அனுப்புகிறது; ஆன்டெனாவுக்கு முழு 100 வாட்டும் போய்ச் சேரும். வால்டர் மேக்ஸ்வெல் 1973-லேயே 'கியூ.எஸ்.டி.' இதழில் இதை விளக்கி எழுதத் தொடங்கினார். இழப்பு கேபிளில்தான். சக்தி போய்வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடாகிக் கரைகிறது.

ஏமாறும் இடமும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 144 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் ஏறத்தாழ 3 டெசிபலை விழுங்கும். மேலே ஆன்டெனா அறுந்து விழுந்திருந்தாலும், கீழே கருவி எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றே சொல்லும். கேபிள் 30 மீட்டர் என்றால் 1.7! கருவி பொய் சொல்லவில்லை. தன் முனையில் தெரிவதைச் சொல்கிறது. அதனால் ஓபன், ஷார்ட், 50 ஓம் லோடு ஆகிய மூன்றையும் கேபிளின் ஆன்டெனா முனையில் பொருத்தி கேலிப்ரேஷன் செய்வது அவசியம்.

குறைகளும் உண்டு. வெயிலில் திரை மங்குகிறது. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஹார்மோனிக்கை வைத்து அளப்பதால் துல்லியம் குறைகிறது.

எச்.எஃப்., வி.எச்.எஃப். ஆன்டெனா கட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். டிரான்ஸ்மிட்டரை மட்டும் எக்காரணம் கொண்டும் இதில் இணைத்துவிடாதீர்கள்; உள்ளே உள்ள சர்க்யூட் எரிந்துவிடும்.