பழவேற்காட்டுப் பூநாரையும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகமும்

2023 ஏப்ரலில் ஒரு சின்ன கலவரம் நடந்தது, நினைவிருக்கலாம். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் வெறும் ‘மரபுவழி’ ஆகிவிட்டது. கோவிட் காலச் சுமைக்குறைப்பு என்று 2022-இலேயே பட்டியலில் வந்ததுதான், புதுப் புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள். பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி திரட்டிய கடிதத்தில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ‘பன்னிரண்டாம் வகுப்பில் முழுசா இருக்கே’ என்றது அரசுத் தரப்பு. இருக்கிறதுதான். ஆனால் பத்தாவதுக்கு மேல் உயிரியல் எடுக்காத பிள்ளை டார்வின் பெயரைப் பாடத்தில் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம்.

அப்போது இங்கே பலர் ‘நல்லவேளை, நம்ம ஸ்டேட் போர்டுல பத்தாவதுலயே இருக்கு’ என்று பெருமூச்சு விட்டார்கள். உண்மைதான், நம் பத்தாம் வகுப்பில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் பாடம் இருப்பது வேறு, பாடம் என்ன சொல்கிறது என்பது வேறு. நான் குறை சொல்ல வந்தது பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தைப் பற்றி.

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது பழவேற்காட்டில். ஏரியில் மீன்பிடி உரிமையைப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ முறையைப் பற்றிக் குறிப்பு எடுப்பதற்காகச் சில மாதங்களாகச் சனி, ஞாயிறுகளில் போய் வருகிறேன். நான் வழக்கமாக உட்காரும் வீட்டில் ப்ளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி. ஒருநாள் புத்தகத்தை நீட்டி, “அங்கிள், உயிர் எப்படி வந்துச்சுன்னு இத்தனை கோட்பாடு போட்டிருக்கு. எல்லாமே சரியா? இல்ல கடைசியில இருக்கறது மட்டும் சரியா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. புத்தகத்தில் பதில் இல்லை, அதுதான் பிரச்சினை. பரிணாம அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சிறப்புப் படைப்பு, தான்தோன்றல், பெருவெடிப்பு, வேற்றுலகிலிருந்து வந்த வித்து, வேதிப் பரிணாமம் என்று ‘கோட்பாடுகள்’ வரிசையாக வருகின்றன. சிறப்புப் படைப்பில் பிரம்மாவும் உண்டு, கிறிஸ்தவமும் இஸ்லாமும் உண்டு. எல்லோரையும் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மை. மசூதியும், போர்ச்சுகீசியர் காலத்து மகிமை மாதா கோயிலும், அம்மன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பழவேற்காட்டில் அந்தப் பத்தியைப் படித்தால் யாருக்கும் மனவருத்தம் வராது. ஆனால் அது அறிவியல் வகுப்பு.

என் தொழில் பாஷையில் சொன்னால், இது மூன்று வேறு டைப்புகளை ஒரே அர்ரேயில் போட்டு வைத்திருக்கிற கோட். பெருவெடிப்பு, பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்பதற்கான விடை. உயிருக்கும் அதற்கும் நடுவில் பல நூறு கோடி ஆண்டுகள். வேதிப் பரிணாமம், உயிரற்றதிலிருந்து முதல் உயிர் வந்தது எப்படி என்பதற்கான விடை. டார்வின் சொன்னது இரண்டுமல்ல. இருக்கிற உயிர்கள் எப்படி மாறிப் பல்கின என்பது. மூன்றையும் கலந்து வைத்தால், ‘முதல் செல் எப்படி வந்துச்சுன்னே தெரியலையே, அப்ப டார்வின் தப்புதானே’ என்று கேட்கிற வாட்ஸப் மாமாவுக்கு வழி திறந்து விட்டதாகத்தான் ஆகும்.

இன்னொன்று, பட்டியலில் ஒரு காலம் இல்லை. எப்படிச் சோதித்தார்கள், சோதித்ததில் என்ன ஆனது என்ற காலம். தான்தோன்றல் சோதிக்கப்பட்டுத் தோற்ற கருத்து; 1860-களின் வாக்கில் பாஸ்டர் வளைந்த கழுத்துக் குடுவையை வைத்து அதை முடித்து வைத்தார். வேதிப் பரிணாமம் 1953-இல் மில்லரின் சோதனைக்குப் பிறகு பாதி வழி வந்து, இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஆய்வு. சிறப்புப் படைப்பைச் சோதிக்க வழியே இல்லை. தோற்றது, நடப்பது, சோதனைக்கே வராதது மூன்றுக்கும் ‘கோட்பாடு’ என்று ஒரே தலைப்பு. புத்தகத்தில் பாஸ்டரும் இருக்கிறார், மில்லரும் இருக்கிறார். ஆனால் படைப்புக் கதை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் தாண்டிப் போய்விடுகிறது.

இதை எழுதியவர்கள் மதவாதிகள் என்று நான் நினைக்கவில்லை. அத்தியாயத்தின் மீதிப் பகுதி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஹார்டி–வீன்பெர்க் வரைக்கும் போகிறது. பழைய பாடநூல்களிலிருந்து வழிவழியாக வந்த வரிசை இது என்பது என் ஊகம். என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலும் சிறப்புப் படைப்பு உண்டு. ஆனால் அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது என்று பிரித்துக் காட்டிவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை எல்லாம் கடுமையாக எதிர்க்கப்பட்டன என்று உடனே சொல்லி, டார்வினுக்கு வருகிறார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். பத்தாம் வகுப்பில் பரிணாமத்தை வெட்டியவர்களின் புத்தகம் இந்த இடத்தில் நம்முடையதை விட நேர்மையாக இருக்கிறது என்பது எனக்கே ஜீரணிக்கச் சிரமமாக இருந்தது.

‘எல்லாக் கருத்தையும் வைப்போமே, பிள்ளைகள் முடிவு பண்ணட்டுமே’ என்பது கேட்க நன்றாக இருக்கும். அமெரிக்காவில் இன்டெலிஜென்ட் டிசைன்காரர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான். 1987-இல் படைப்புவாதத்தைப் பள்ளியில் கட்டாயமாக்கும் லூசியானா சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு கடவுள் பெயரைச் சொல்லாமல், ‘இவ்வளவு சிக்கலானது தானாக வந்திருக்க முடியாது, ஒரு வடிவமைப்பாளர் இருக்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லும் பாதை பிரபலமானது. 2004-இல் பென்சில்வேனியாவின் டோவர் என்ற சின்ன ஊரில் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் இதை ஒரு மாற்றாகக் குறிப்பிடும் அறிக்கையை வாசிக்கச் சொன்னது. பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள்.

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் தவறு. வாரியம் பரிந்துரைத்த ‘ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்’ புத்தகத்தின் பழைய கையெழுத்துப் படிகள் நீதிமன்றத்துக்கு வந்தன. 1987-க்கு முன் ‘கிரியேஷனிஸ்ட்ஸ்’ என்று இருந்த இடங்களில் பின்பு ‘டிசைன் ப்ரொபோனன்ட்ஸ்’. ஓர் இடத்தில் வெட்டி ஒட்டும்போது பழைய சொல்லின் தலையும் வாலும் மிச்சமாகி, ‘சிடிசைன் ப்ரொபோனன்ட்சிஸ்ட்ஸ்’ என்று ஒரு விசித்திர ஜந்து பிறந்துவிட்டது. இரண்டு வெர்ஷனுக்கும் டிஃப் போட்டுப் பார்க்கிற யாருக்கும் கதை புரிந்துவிடும். புதைபடிவ ஆதாரம் கேட்டவர்களின் புத்தகத்திலேயே ஓர் இடைப்பட்ட உயிரினம்! 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில் இது அறிவியல் அல்ல என்று எழுதினார். அவரை நியமித்தது ஜார்ஜ் புஷ் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘இடதுசாரி நீதிபதி’ என்று யாராவது வருவார்கள்.

நம் ஊரில் இந்தச் சண்டை வேறு உருவத்தில் வரும். 2018 ஜனவரியில் அப்போதைய மத்திய மனிதவள இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அதை வைத்து மீம் போட்டவர்களில் பெரும்பாலோர் மனதில் இருந்த படமும் அமைச்சர் மனதில் இருந்த படமும் ஒன்றேதான் என்பது என் வருத்தம்: குனிந்த குரங்கு, நிமிர்ந்த குரங்கு, வேலோடு மனிதன். ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான்’ என்று பகுத்தறிவு மேடையில் எத்தனை முறை கேட்டிருப்போம். இன்றைய குரங்கிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு மூதாதை, அவ்வளவுதான். அது ஏணி இல்லை, கிளை விட்ட மரம்.

நம் சொல்லும் சேர்ந்து சதி செய்கிறது. ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதாத தமிழ்ப் பத்திரிகை உண்டா? வளர்ச்சி என்றாலே மேலே போவது. குகையில் கண் இழந்த மீனுக்கு நடந்ததும் பரிணாமம்தான், அதில் எங்கே வளர்ச்சி? இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்கிறார்கள். அதுவும் முழுக்கப் பொருந்துகிறதா என்பது தனி விவாதம், குறைந்தபட்சம் ‘வளர்ச்சி’ ஒட்டிக்கொள்ளவில்லை.

சரி, அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பூநாரையிலிருந்து தொடங்கினேன். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரையை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகை நீரில் விட்டு, நாக்கைப் பம்பு மாதிரி அடித்து, அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல இருக்கும் தகடுகளில் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும். அலகு பாதியில் மடங்கி இருப்பதால்தான் கவிழ்த்தபோது சரியாக உட்காருகிறது. டிசைன்காரர்களுக்கு லட்டு மாதிரி உதாரணம்: வளைவு, பம்பு, சல்லடை, இதில் ஒன்று குறைந்தாலும் வேலை செய்யாதே, அப்புறம் எப்படிப் படிப்படியாக வந்திருக்கும்?

ஆனால் குறைந்தாலும் வேலை செய்யும். வாத்தின் அலகிலும் அந்தத் தகடுகள் உண்டு. வளைவு இல்லாமலேயே வடிகட்டுகிறது. நீண்ட காலில் நின்று நீண்ட கழுத்தைத் தாழ்த்தினால் தலை தானாகவே கவிழும். கவிழ்ந்த நிலையில் தின்னும் பழக்கம் முதலில், அதற்கேற்ற வடிவம் பின்னால் என்று யோசிக்க இடமிருக்கிறது. ஸ்டீபன் ஜே கூல்ட் இதைப் பற்றி ஓர் அருமையான கட்டுரை எழுதியிருக்கிறார். பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது அலகு நேராக இருக்கும், வளர வளரத்தான் மடங்கும். பூநாரைக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய சொந்தம் எது தெரியுமா? கொக்கும் இல்லை, நாரையும் இல்லை. ஊர்க்குளத்தில் தலைகீழாக முங்கும் முக்குளிப்பான் குடும்பம். மரபணு ஒப்பீட்டில் வெளிவந்தது. வடிவத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘ஒருவர் வடிவமைத்தார்’ என்ற விளக்கத்திலிருந்து இந்த உறவை எதிர்பார்க்கவும் முடியாது, அது இல்லாமல் போயிருந்தாலும் அந்த விளக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அடுத்துப் பேச்சு வலைக்குப் போனது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் இது பறவை வேடிக்கை இல்லை, அந்த வீட்டின் சோறு. வலைக்கண் என்பது ஒரு தேர்வு. பெரிய மீன் மாட்டும், சின்னது தப்பும். பெரிதாக வளர்ந்த பிறகுதான் சினை வைக்கும் மீன், சினை வைக்கும் முன்னே கூடைக்குப் போய்விடும். சின்ன உடம்பிலேயே சினை வைப்பது முட்டை விட்டுப் போகும். அந்தக் குணம் கொஞ்சமாவது பரம்பரையாக வருமானால், சில தலைமுறைகளில் மீன் கூட்டமே மாறும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன்களில், 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்தும் நிலை வருவதற்கு முன்பே, முதிரும் அளவு குறைந்து வந்தது பதிவுகளில் தெரிந்தது. டார்வின் சொன்னது மனிதன் கண்முன்னே, மனிதன் போட்ட வலையால்.

உள்ளே இருந்து ஆயா குரல் கொடுத்தார்: “இப்பதான் மடவை எல்லாம் சின்னதா வருதே, அதைத்தான் சொல்றியா தம்பி?”

அவசரப்படக் கூடாது, இதுவேதான் பாடத்தில் இருக்க வேண்டிய இடம். சின்ன மீன் வருகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பெரியதை எல்லாம் பிடித்துவிட்டதால் குட்டி மட்டும் மிச்சம். அது பரிணாமம் இல்லை, வெறும் அதிகப்பிடிப்பு, கொஞ்சகாலம் விட்டால் திரும்பி வரும். அல்லது மீனே சின்ன அளவில் முதிரத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் வலையை நிறுத்தினாலும் சட்டென்று திரும்பாது. இரண்டையும் பிரிக்க என்ன பார்க்க வேண்டும்? எவ்வளவு நீளத்தில் சினை இருக்கிறது என்று. சின்ன மீனில் சினை கண்டாலும் அத்தோடு முடியாது; முகத்துவாரம் அடைத்து ஏரி நீரின் உப்பு ஏறியதாலோ, தீனி குறைந்ததாலோ கூட முன்கூட்டி முதிரலாம், அதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு கோட்பாடு தான் தோற்கும் இடத்தைத் தானே சொல்வது என்றால் இதுதான். பட்டியலில் முதல் இடத்தில் இருக்கும் ‘கோட்பாட்டிடம்’ இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். மடவை பெருத்தாலும் சிறுத்தாலும் அதற்கு ஒரே பதில்தான்.

இப்படிச் சொன்னால் மதத்தை இழுத்துவிட்டேன் என்பார்கள். இல்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1996-இலேயே பரிணாமம் வெறும் கருதுகோளுக்கும் மேலானது என்று ஒப்புக்கொண்டார். மகிமை மாதா கோயிலுக்குப் போகிற பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சாமி கும்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. மார்க் போடும் பட்டியலில், சோதனைக்கே வராத ஒன்றுக்குச் சோதனையில் தேறியவற்றின் பக்கத்தில் நாற்காலி போட்டதைத்தான் கேட்கிறேன். அடுத்த பதிப்பில் அதை எடுக்கக்கூட வேண்டாம். இது மக்களின் நம்பிக்கை, இதைச் சோதிக்க முடியாது, ஆகவே அறிவியல் கோட்பாடு அல்ல என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெருவெடிப்பை இயற்பியலுக்கு அனுப்பிவிடலாம், மிச்சமாகும் அரைப் பக்கத்தில் வலைக்கண்ணை வைக்கலாம்.

“பரிட்சையில கேட்டா என்ன எழுதறது?” என்றாள். புத்தகத்தில் இருப்பதை எழுது, மார்க் முக்கியம் என்றேன். வேறென்ன சொல்ல. ஆயா மட்டும், மீன் அறுக்கும்போது எந்த அளவில் சினை இருக்கிறது என்று தனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும் என்றார். அதை நீளத்தோடு சேர்த்து எழுதி வைக்க முடியுமா என்று கேட்டேன். “அவ எழுதட்டும், நான் அறுத்துக் காட்றேன்” என்றார்.